இணையம் கைக்கு வந்த வழி

கைப்பேசியில் இணையம் பார்ப்பதற்கான இரண்டு பெரிய ஏற்பாடுகள் 1999ஆம் ஆண்டில் சில மாத இடைவெளியில் பொதுமக்களிடம் வந்து சேர்ந்தன. ஜப்பானில் என்டிடி டோகோமோ நிறுவனம் பிப்ரவரி 22 அன்று ஐ-மோட் என்ற சேவையைத் தொடங்கியது. ஐரோப்பாவின் ஜிஎஸ்எம் வலைப்பின்னல்களில் அவ்வாண்டின் கடைசி மாதங்களில் நோக்கியா 7110 என்ற கைப்பேசியோடு வேப் என்னும் தொழில்நுட்பம் கடைக்கு வந்தது. இரண்டிலும் திரை சிறியது, கறுப்பு வெள்ளை. தட்டச்சு செய்ய எண் விசைகள் மட்டுமே. தரவு பாய்ந்த வேகமும் இரண்டிலும் ஒன்றே, நொடிக்கு 9,600 பிட். ஆயினும் 2000 ஆகஸ்டில் ஐ-மோட் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மார்க் ராம்சே, யாக்கோப் நீல்சன் ஆகிய இருவரும் லண்டனில் 20 பேரிடம் வேப் கைப்பேசியைக் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டபோது, இன்னும் ஓராண்டுக்குள் இதைப் பயன்படுத்துவீர்களா என்ற கேள்விக்கு 70 விழுக்காட்டினர் இல்லை என்று விடையளித்திருந்தனர்.

வேகம், திரை, விசை ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் விளைவு இவ்வளவு விலகியதற்குக் காரணம், பயனரின் கையிலிருந்த கருவிக்கும் எங்கோ இருந்த இணையதளத்துக்கும் நடுவே அமைந்த ஏற்பாட்டில் இருக்கிறது. நடுவில் நின்ற கணினி என்ன வேலை செய்தது, அதை யார் நடத்தினார்கள், எதற்குக் கட்டணம் வாங்கினார்கள், யாரை உள்ளே விட்டார்கள் என்ற கேள்விகளைக் கேட்காமல், தொலைக்காட்சிப் பெட்டியிலும் கையடக்கக் கருவியிலும் கைப்பேசியிலும் இணையம் நுழைந்த தொடக்க கால வரலாற்றைப் புரிந்துகொள்ள இயலாது. உலகின் பெரும்பகுதி மக்கள், தமிழர் உட்பட, இணையத்தை முதன்முதலில் மேசைக் கணினியில் பார்க்காமல் கைப்பேசியில் பார்த்தவர்கள் என்பதால், இது தொழில்நுட்ப ஆர்வலர்க்கு மட்டும் உரிய வரலாறு அன்று.

தொலைக்காட்சியில் எழுத்துத் தகவல் காட்டும் முயற்சி இணையத்துக்கும் மூத்தது. பிரிட்டனின் பிபிசி 1974இல் தொடங்கிய சீஃபேக்ஸ், படம் எதுவும் ஏறாத ஒளிபரப்பு வரிகளில் செய்தியையும் வானிலையையும் ஏற்றி அனுப்பியது. ஆனால் அது ஒருவழிப் பாதை, பார்ப்பவர் எதையும் திருப்பி அனுப்ப முடியாது. பிரான்சின் மினிடெல் 1982 முதல் தொலைபேசிக் கம்பி வழியே இருவழித் தொடர்பைக் கொடுத்தபோதிலும், அது தனக்கென்று ஒரு திரையும் விசைப்பலகையும் கொண்ட தனிக்கருவி. வீட்டிலுள்ள தொலைக்காட்சியிலேயே உலகளாவிய இணையத்தைக் காட்டுவது என்ற எண்ணத்தைப் பெரிய அளவில் செயலாக்கியது, ஸ்டீவ் பெர்ல்மன், புரூஸ் லீக், ஃபில் கோல்டுமன் ஆகியோர் 1995இல் கலிபோர்னியாவில் நிறுவிய வெப்டிவி.

1996ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் சோனி, பிலிப்ஸ் ஆகிய நிறுவனங்களின் பெயரில் கடைக்கு வந்த வெப்டிவி பெட்டியில் 112 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 2 மெகாபைட் நினைவகமும் நொடிக்கு 33,600 பிட் வேக மோடமும் இருந்தன. தகவலைச் சேமிக்க வட்டு எதுவும் இல்லை. தொலைபேசிக் கம்பியை ஒரு புறமும் தொலைக்காட்சியை மறுபுறமும் இணைத்து, ரிமோட்டை எடுத்துக்கொண்டு சோபாவில் அமர்ந்தால் போதும். மாதச் சந்தா 19.95 டாலர். இந்த எளிமைக்குப் பின்னால் இருந்த பொறியியல் சிக்கல்கள் கடினமானவை. அக்காலத் தொலைக்காட்சி ஒரு படத்தின் எல்லா வரிகளையும் ஒரே வீச்சில் வரைவதில்லை. ஒற்றைப்படை வரிகளை ஒரு முறையும் இரட்டைப்படை வரிகளை அடுத்த முறையும் மாறி மாறி வரையும். ஆகவே கணினித் திரையில் தெளிவாகத் தெரியும் ஒற்றைப் புள்ளி தடிமனுள்ள கிடைக்கோடு தொலைக்காட்சியில் ஒரு வீச்சில் தோன்றி அடுத்த வீச்சில் மறைந்து ஓயாமல் துடிக்கும். ஏறத்தாழ எல்லா ஆங்கில எழுத்திலும் இத்தகைய மெல்லிய கிடைக்கோடுகள் இருப்பதால், எழுத்து முழுவதுமே நடுங்கும். வெப்டிவியின் பொறியாளர்கள் மேல் கீழ் வரிகளை ஒன்றோடொன்று சற்றே கலந்து இந்த நடுக்கத்தை அடக்கியதோடு, பத்தடி தூரத்திலிருந்து படிப்பதற்கேற்ப எழுத்தைப் பெரிதாக்கினார்கள்.

எஞ்சிய சிக்கல்களைப் பெட்டியால் தீர்க்க முடியாது. 640 புள்ளி அகலக் கணினித் திரையை எண்ணி வடிவமைக்கப்பட்ட பக்கங்களை 544 புள்ளி அகலத்துக்குள் அடக்கவும், பெரிய படங்களைச் சுருக்கவும், பிழையுள்ள பக்கங்களைச் சரிசெய்யவும் தேவையான கணிப்பு வலிமை 2 மெகாபைட் நினைவகத்துக்கு அப்பாற்பட்டது. எனவே ஒவ்வொரு பக்கமும் முதலில் வெப்டிவி நிறுவனத்தின் சர்வருக்கு வந்து, அங்கே மாற்றி எழுதப்பட்டு, இளைத்த வடிவத்தில் பெட்டிக்குச் சென்றது. இவ்வாறு பயனருக்கும் இணையதளத்துக்கும் நடுவே நின்று பக்கத்தை வாங்கி, திருத்தி, கைமாற்றும் கணினிக்குப் பதிலாள் சர்வர் என்று பெயர். மின்னஞ்சலும் அங்கேதான் இருந்தது. பெட்டிக்கும் அந்த சர்வருக்கும் இடையிலான தொடர்பைக் காக்க 128 பிட் மறையாக்கம் பயன்படுத்தப்பட்டதால், அன்றைய அமெரிக்கச் சட்டம் இந்த வீட்டுப் பொருளைப் போர்த்தளவாடப் பட்டியலில் சேர்த்து ஏற்றுமதியைத் தடுத்தது. தரவைக் காக்கும் கணக்கு ஒன்றைத் துப்பாக்கிக்கு நிகராக அரசு கருதிய காலம் அது.

1997 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெப்டிவியை 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. 1999இல் சந்தாதாரர் எண்ணிக்கை 8 லட்சம் அளவில் இருந்தது. பல கோடி வீடுகள் கொண்ட நாட்டில் இது சிறிய எண் என்று கருதி இம்முயற்சியைத் தோல்வி என்று எழுதிவிடுவது வழக்கம். அந்த மதிப்பீடு நியாயமானதன்று. கணினி வாங்கும் வசதியோ அதைப் பழகும் துணிவோ இல்லாதவர்கள், குறிப்பாக முதியவர்கள், பேரப்பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் எழுதியது இந்தப் பெட்டியில்தான். வைரஸ் பயமின்றி, மென்பொருள் நிறுவும் தலைவலியின்றி, பொத்தானை அழுத்தியதும் வேலை செய்யும் இணையம் என்ற கருத்தை முதன்முதலில் நிலைநாட்டியதும் இதுவே.

கையடக்கக் கருவிகளின் பாதை வேறு. 1996இல் வெளிவந்த நோக்கியா 9000 கம்யூனிகேட்டர், மூடியிருக்கும்போது கைப்பேசியாகவும் நீளவாக்கில் திறந்தால் விசைப்பலகையும் 640க்கு 200 புள்ளித் திரையும் கொண்ட சிறு கணினியாகவும் விளங்கியது. 397 கிராம் எடையுள்ள அதனுள்ளே 24 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள இன்டெல் 386 செயலி இருந்தது. மின்னஞ்சல், தொலைநகல், இணையதளம் ஆகிய மூன்றும் அதில் கிடைத்தன. நடுவே எந்தப் பதிலாளும் இல்லாமல் முழு இணையத்தையும் நேரடியாக இழுக்க முயன்றதால், படங்கள் உள்ள ஒரு பக்கம் வந்து சேர நிமிடக்கணக்கில் ஆகும், அந்நிமிடங்களுக்கெல்லாம் அழைப்புக் கட்டணம் ஓடும். மேலாளர்களின் பையில் அது இடம்பிடித்தது, பொதுமக்களிடம் போகவில்லை.

இதற்கு நேர்மாறான வழியில் சென்றது 1999 மே மாதம் நியூயார்க் வட்டாரத்தில் விற்பனைக்கு வந்த பாம் ஏழு என்ற கையடக்கக் கருவி. அதன் ஓரத்திலிருந்த அலைவாங்கியை மேலே தூக்கியதும் கருவி தானே விழித்து மோபிடெக்ஸ் என்னும் கம்பியில்லாத் தரவு வலைப்பின்னலோடு இணைந்துகொண்டது. நொடிக்கு 8,000 பிட் மட்டுமே பாயக்கூடிய அந்த வலைப்பின்னலில் இணையப் பக்கங்களை அப்படியே இழுக்க முயல்வது வீண் என்பதை உணர்ந்த பாம் நிறுவனத்தார், பக்கத்தை இரண்டாக வெட்டினார்கள். நகரின் பெயர், தேதி போன்றவற்றைக் கேட்கும் படிவமும் சின்னங்களும் முன்னதாகவே கருவியில் நிறுவப்பட்டிருக்கும். பயனர் அதை நிரப்பி அனுப்பும்போது சில பத்து பைட் கேள்வி மட்டும் வான்வழி செல்லும். பாம் நிறுவனத்தின் சர்வர் விடையைத் தேடி, தேவையான வரிகளை மட்டும் கத்தரித்து, அழுத்திச் சுருக்கித் திருப்பி அனுப்பும். தரவைக் கையாள்வதில் இவ்வளவு சிக்கனம் காட்டிய வடிவமைப்பு அக்காலத்தில் அரிது. கட்டணமோ, 599 டாலர் விலைக்கு மேல், மாதம் 9.99 டாலருக்கு வெறும் 50 கிலோபைட். இன்று ஒருவர் அனுப்பும் ஒற்றைப் புகைப்படம் அந்த அளவைப் பலமுறை தாண்டிவிடும். அத்தனை நேர்த்தியான தொழில்நுட்பம் விலைப்பட்டியலில் அடிபட்டுப் போனது.

வேப் என்பது கம்பியில்லாக் கருவிகளுக்கான பயன்பாட்டு நெறிமுறை என்பதன் ஆங்கிலச் சுருக்கம். அமெரிக்காவில் அலன் ரோஸ்மன் நிறுவிய அன்வயர்டு பிளானட் நிறுவனம் கைப்பேசிக்கென ஒரு பக்க மொழியை உருவாக்கி 1996 முதலே அதை நடைமுறைப்படுத்தி வந்தது. 1997இல் எரிக்சன், மோட்டோரோலா, நோக்கியா ஆகிய மூன்று கைப்பேசி நிறுவனங்களும் அதனோடு சேர்ந்து வேப் மன்றத்தை அமைத்தன. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே ஒரு வழியைக் கண்டு சிதறிப்போகாமல் உலகம் முழுவதற்கும் ஒரே நெறிமுறை வேண்டும் என்ற நோக்கம் உயர்ந்தது. வகுக்கப்பட்ட நெறிமுறையோ இணையத்திலிருந்து ஒதுங்கி, அடித்தளம் முதல் கூரை வரை தனியொரு கட்டுமானமாக எழும்பியது. இணையப் பக்கங்களுக்கு வழங்கிய எச்டிஎம்எல் மொழிக்குப் பதிலாக டபிள்யூஎம்எல் என்ற புதிய மொழி. அதில் எழுதப்பட்ட ஒரு கோப்பு சீட்டுக்கட்டு என்றும், திரையில் ஒரு நேரத்தில் தோன்றும் பகுதி சீட்டு என்றும் அழைக்கப்பட்டன. நோக்கியா 7110 ஏற்கக்கூடிய கட்டின் மேல்வரம்பு சுமார் 1,400 பைட். படங்களுக்கும் தனி வடிவம், ஒரு புள்ளிக்குக் கறுப்பு அல்லது வெள்ளை. ஒரு குறி மூடப்படாமல் விடுபட்டால் பக்கமே வராமல் பிழைச்செய்தி வரும். இணையதளம் நடத்திக்கொண்டிருந்த ஒருவர் இதற்காக எல்லாவற்றையும் புதிதாகக் கற்று, முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. அதனால் எழுதியவர்கள் குறைவு, படிக்கக் கிடைத்ததும் குறைவு.

பயனரின் பக்கம் நிலைமை இன்னும் கடினம். 7110இன் வளைந்த மூடி, பொத்தானை அழுத்தினால் கீழே சரிந்து திறக்கும். நடுவே உருட்டக்கூடிய சிறு சக்கரம் ஒன்று. 96க்கு 65 புள்ளித் திரை. கைவேலைப்பாட்டில் அது அழகான கருவி. ஆனால் இணையத்துக்குள் போக, தொடர்பு எண், கைப்பேசிக்கும் இணையத்துக்கும் நடுவே நின்ற நுழைவாயில் கணினியின் முகவரி எண், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றை அமைப்புப் பட்டியலின் ஆழத்தில் தேடி, எண் விசைகளைப் பலமுறை அழுத்தி ஒவ்வொன்றாக இட வேண்டியிருந்தது. ஒரு புள்ளி தவறினாலும் இணைப்பு கிடைக்காது. எல்லாம் சரியாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் கைப்பேசி நுழைவாயிலை ஒரு தொலைபேசி அழைப்பைப் போலவே கூப்பிட்டு, அந்தப் பக்கம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். இது சுற்றிணைப்பு முறை எனப்படும்: பேச்சுக்கு ஒதுக்குவதுபோல ஒரு தடம் முழுவதையும் ஒருவருக்கே ஒதுக்கி, தரவு பாய்கிறதோ இல்லையோ, இணைப்பு நீடிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கட்டணம் வாங்குவது. வாடகைக் காரை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு வீட்டுக்குள் கடிதம் படித்துக்கொண்டிருப்பவருக்கும் மீட்டர் ஓடுவதைப் போல, திரையில் வந்துவிட்ட நான்கு வரிகளைப் படிக்கும் நேரத்துக்கும் பணம் போயிற்று. லண்டன் ஆய்வில் பங்கேற்ற ஒருவர், அன்று மாலை பிபிசியில் என்ன நிகழ்ச்சி என்பதை வேப் வழியே பார்ப்பதைவிட, ஒரு நாளிதழை வாங்கி நிகழ்ச்சிப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கி எறிவது மலிவு என்று கணக்கிட்டுச் சொன்னார். நிறுவனங்களின் விளம்பரங்களோ, முழு இணையமும் கைக்கு வந்துவிட்டதாக வாக்களித்திருந்தன.

ஐ-மோட் உருவான இடத்தில் பொறியாளர்கள் மட்டும் இருக்கவில்லை. டோகோமோவின் கெய்ச்சி எனோக்கி தலைமையில் அமைந்த குழுவுக்கு, வேலைவாய்ப்பு இதழ்களின் ஆசிரியராக இருந்த மாரி மட்சுநாகா 1997இல் வெளியிலிருந்து அழைத்து வரப்பட்டார். அவர் வழியாகத் தாக்கேஷி நட்சுனோ என்ற இணையத் தொழில் முனைவர் வந்தார். இதழாசிரியர் ஒருவர் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குள் வந்தது இக்கதையின் திருப்பம். தொழில்நுட்பத்தை விளக்கிப் பயனில்லை, அன்றாடம் படிக்கவும் பயன்படுத்தவும் என்ன இருக்கிறது என்பதே மக்களுக்கு வேண்டும் என்ற இதழியல் பார்வையை அவர் கொண்டுவந்தார். சேவை தொடங்கிய நாளில் வங்கிக் கணக்கு, பயணச்சீட்டு, செய்தி, வானிலை, விளையாட்டு என 67 நிறுவனங்களின் உள்ளடக்கம் ஆயத்தமாக இருந்தது.

தொழில்நுட்பத் தேர்வுகளில் மூன்று முடிவானவை. முதலாவது, பக்க மொழி. ஜப்பானின் ஆக்சஸ் நிறுவனம் எச்டிஎம்எல் மொழியிலிருந்து அட்டவணை, சட்டகம் போன்ற கனமான பகுதிகளை நீக்கி, கச்சித எச்டிஎம்எல் என்ற சிறுவடிவத்தை உருவாக்கி, 1998 பிப்ரவரியில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பான டபிள்யூ3சியிடம் ஆவணமாகச் சமர்ப்பித்திருந்தது. நான்கே பொத்தான்களால் எல்லாவற்றையும் இயக்க முடிய வேண்டும் என்பது அந்த ஆவணத்தின் அடிப்படை நெறிகளுள் ஒன்று. இணையப் பக்கம் எழுதத் தெரிந்த எவரும் ஒரு மாலைப் பொழுதில் ஐ-மோட் பக்கம் எழுதிவிடலாம் என்பதால், டோகோமோவின் பட்டியலில் இடம்பெறாத தளங்களைச் சாதாரண மக்களே ஆயிரக்கணக்கில் உருவாக்கினார்கள். முகவரியைத் தட்டினால் அவையும் திறந்தன.

இரண்டாவது, கட்டணம். டோகோமோ தன் வலைப்பின்னலில் பொட்டல முறையைக் கையாண்டது. அதாவது, தரவைச் சிறு துண்டுகளாக்கி, தடத்தை எவருக்கும் தனியாக ஒதுக்காமல், துண்டு வரும்போது மட்டும் வழிவிடும் முறை. 128 பைட் கொண்ட ஒரு பொட்டலத்துக்கு 0.3 யென், மாத அடிப்படைக் கட்டணம் 300 யென். 1,280 பைட் உள்ள ஒரு பக்கத்தைத் திறந்தால் 10 பொட்டலம், 3 யென். அதை ஒரு நிமிடம் படித்தாலும் ஒரு மணி நேரம் படித்தாலும் அதே 3 யென். கூப்பிட்டுக் காத்திருக்கும் வேலையும் இல்லை. ஐ என்ற எழுத்துப் பொறித்த பொத்தானை அழுத்தியதும் பட்டியல் வந்தது. ஐரோப்பியப் பயனர் அனுபவித்த எரிச்சல்களில் பெரும்பகுதியை, வேகத்தை ஒரு பிட் கூட உயர்த்தாமலே, இந்த ஒரு முடிவு நீக்கிவிட்டது.

மூன்றாவது, வருவாய்ப் பங்கீடு. பட்டியலில் உள்ள ஒரு தளம் மாதம் 300 யென் வரை சந்தா வாங்கலாம். அத்தொகையை டோகோமோவே தொலைபேசிக் கட்டணத்தோடு சேர்த்து வசூலித்து, 9 விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தளத்தாரிடம் கொடுத்தது. கடன் அட்டை இல்லாத பள்ளி மாணவி மாதம் 100 யென் கொடுத்து நாள்தோறும் ஒரு கேலிச்சித்திரப் பாத்திரத்தைத் திரைக்கு இறக்கிக்கொள்ள முடிந்தது. பண்டாய் நிறுவனத்தின் அத்தகைய சேவை பெரும் வெற்றி பெற்றது. இன்றைய செயலிக் கடைகள் நீண்டகாலம் 30 விழுக்காடு பிடித்துக்கொண்டதை நினைத்தால், இந்த 9 விழுக்காட்டின் பெருந்தன்மையும் அதிலிருந்த வணிக அறிவும் விளங்கும்.

கட்டண முறைக்கும் மனித உணர்வுக்கும் உள்ள தொடர்பை, குழுவின் இளைய உறுப்பினரான ஷிகெதாக்கா குரித்தா வடித்த படவெழுத்துகளில் நெருக்கமாகப் பார்க்கலாம். ஐ-மோட் மின்னஞ்சலின் நீளம் ஜப்பானிய எழுத்தில் 250. அந்த இடத்துக்குள் முகம் பார்த்துப் பேசும் பேச்சின் மென்மையைக் கொண்டுவர இயலாது. படமாக அனுப்பினால் பொட்டலங்கள் கூடும், செலவு ஏறும். ஆகவே சூரியன், குடை, இதயம், உடைந்த இதயம், தொடர்வண்டி என 176 சின்னங்களை, 12க்கு 12 புள்ளிக் கட்டத்தில், மொத்தம் 144 புள்ளிகளுக்குள் வரைந்து, அவற்றைக் கைப்பேசியின் எழுத்துருவிலேயே பதித்து வைத்தார்கள். வானலையில் சென்றது இரண்டு பைட் குறியெண் மட்டும். படம் பெறுபவரின் கருவியிலேயே காத்திருந்தது. ஜே-ஃபோன் நிறுவனம் 1997இலேயே ஒரு கைப்பேசியில் இத்தகைய சின்னங்களைத் தந்திருந்தது. எனினும் கோடிக்கணக்கானோரின் பழக்கமாக அவற்றை ஆக்கியது ஐ-மோட். 2010இல் உலகப் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் படவெழுத்துகள் சேர்ந்ததற்கும், இன்று தமிழில் எழுதும் செய்திகளின் நடுவிலும் அவை வந்து அமர்வதற்கும் வேர் இங்கே இருக்கிறது.

இந்த வெற்றியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கைப்பேசி எப்படி இருக்க வேண்டும் என்று ஃபுஜிட்சு, மிட்சுபிஷி, என்இசி, மட்சுஷிதா ஆகிய உற்பத்தியாளர்களுக்கு டோகோமோ சொன்னது. பட்டியலில் எந்தத் தளம் மேலே வரும் என்பதையும் அதுவே முடிவு செய்தது. கருவி, வலைப்பின்னல், நுழைவாயில், வசூல் ஆகிய நான்கும் ஒரே கையில் இருந்ததால்தான் எல்லாம் இசைந்து இயங்கின. அந்த அதிகாரம் இல்லாத நாடுகளில் அதே தொழில்நுட்பம் வேர்பிடிக்கவில்லை: 2002இல் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் தொடங்கிய ஐ-மோட் ஜப்பானிய உயரத்தை எட்டவே இல்லை, 2005இல் பிரிட்டனில் அதைக் கொண்டுவந்த ஓ2 நிறுவனம் 2007இல் கைவிடும் முடிவை அறிவித்தது. ஐரோப்பிய நிறுவனங்களும் நடுவிலிருக்கும் அதிகாரத்தை விரும்பாதவை அல்ல. பிரான்சில் வேப் கைப்பேசிகளைத் தன் நுழைவாயிலோடு பூட்டி விற்ற பெரிய நிறுவனத்துக்கு எதிராக ஒரு சிறு நிறுவனம் வழக்குத் தொடுத்து, 2000ஆம் ஆண்டில் பாரிஸ் வணிக நீதிமன்றத்தில் தனக்குச் சாதகமான ஆணை பெற்றது.

நடுவில் நிற்பவருக்கு எல்லாம் தெரியும் என்பது இன்னொரு சிக்கல். வேப் முறையில் கைப்பேசிக்கும் நுழைவாயிலுக்கும் இடையே ஒரு மறையாக்கம், நுழைவாயிலுக்கும் வங்கிக்கும் இடையே வேறொரு மறையாக்கம். ஒன்றை அவிழ்த்து மற்றொன்றில் கட்டும் அந்த நொடிப்பொழுதில் கடவுச்சொல் நுழைவாயிலின் நினைவகத்தில் வெளிப்படையாகக் கிடக்கும். இதைத் துறையினர் வேப் இடைவெளி என்று அழைத்தனர். சில வங்கிகள் இதனாலேயே தமக்கெனத் தனி நுழைவாயில் நடத்தின.

இந்தியாவில் இந்த இடைநிலைக் கணினியின் காலம் சற்றே தாமதமாகவும் வேறு வடிவிலும் வந்தது. ஜிபிஆர்எஸ் என்னும் பொட்டலத் தரவு முறை பரவியபோது 10 கிலோபைட்டுக்கு 10 பைசா என்ற கட்டணம் பரவலாக இருந்தது. 400 கிலோபைட் உள்ள செய்தித்தளப் பக்கம் ஒன்றைத் திறந்தால் நான்கு ரூபாய் போய்விடும். நார்வேயின் ஓப்பரா நிறுவனம் 2006 ஜனவரியில் உலகெங்கும் வெளியிட்ட ஓப்பரா மினி உலாவி, வெப்டிவியும் பாம் ஏழும் கையாண்ட அதே உத்தியைச் சாதாரண ஜாவா கைப்பேசிக்குக் கொண்டுவந்தது: பக்கத்தை நிறுவனத்தின் சர்வர் வாங்கி, அடுக்கி, படங்களை இளைக்க வைத்து, 90 விழுக்காடு வரை சுருக்கி அனுப்பும். அந்த நான்கு ரூபாய் 40 பைசா அளவுக்கு இறங்கியது. தமிழ்நாட்டில் வலுவாக இருந்த ஏர்செல் போன்ற நிறுவனங்கள் மாதம் நூறு ரூபாய்க்கும் குறைவாக வரம்பில்லாத இணையம் தரத் தொடங்கியதும், கல்லூரி மாணவர் முதல் கடைப் பணியாளர் வரை பலருக்கும் கையிலிருந்த சிறு பொத்தான் கைப்பேசியே முதல் இணையக் கருவி ஆயிற்று.

ஆனால் தமிழ்த் தளத்தைத் திறந்தால் வரி வரியாகக் கட்டங்கள்தான் தெரியும். அந்தக் கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு இல்லை. எழுத்துருவை ஏற்றினாலும் போதாது. யூனிகோடு முறையில் 'கெ' என்ற எழுத்து, முதலில் ககரமும் பிறகு எகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பு முன்னே வர வேண்டும். 'கொ' என்றால் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யும் மென்பொருளுக்கு எழுத்து வடிவமைப்புப் பொறி என்று பெயர். அது அக்கருவிகளில் இல்லை. ஓப்பரா மினியின் முகவரிப் பட்டையில் ஓப்பரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று இடைவெளியின்றி ஆங்கிலத்தில் தட்டினால் ஒரு மறைவான அமைப்புப் பக்கம் திறக்கும். அதன் கடைசிப் பகுதியில், சிக்கலான எழுத்து முறைகளுக்குப் பட எழுத்துருவைப் பயன்படுத்தலாமா என்று கேட்கும் வரிக்கு ஆம் என்று மாற்றிச் சேமித்தால், சர்வரே தமிழை வரைந்து, சொற்களைப் படமாக அனுப்பும். தரவு கூடுதலாகச் செலவாகும். எழுத்தைப் பிரதியெடுக்க முடியாது. எழுத்தின் அளவும் கண்ணுக்கு முழுதும் இசையாது. ஆனாலும் கட்டங்கள் மறைந்து தமிழ் வந்தது. இந்தக் குறிப்பைத் தமிழ் வலைப்பதிவர்கள் ஒருவருக்கொருவர் படிப்படியாக எழுதிக் கொடுத்தார்கள். ஆண்ட்ராய்டு கருவிகளில் தமிழ் வடிவமைப்பு உள்ளிணைந்து வரும்வரை, இந்தியாவிலும் இலங்கையிலும் வளைகுடாவிலும் பணிபுரிந்த எண்ணற்ற தமிழர் தம் மொழியை இணையத்தில் படித்தது இவ்வாறே. தமிழ்க் கணிமை வரலாற்றில் எழுத்துருக்களுக்கும் விசைப்பலகைகளுக்கும் தரப்பட்ட இடம் இந்த அமைப்புப் பக்கத்துக்கும் தரப்பட வேண்டும்.

கைப்பேசியின் வலிமை பெருகி, தளங்கள் முனைக்கு முனை மறையாக்கத்துக்கு மாறியபின் நடுவிலிருந்து பக்கத்தைத் திருத்தும் முறை தேய்ந்தது. கூகுளின் குரோம் உலாவி தன் தரவுச் சிக்கன வசதியை 2022இல் நிறுத்திக்கொண்டது. எம்எஸ்என் டிவி என்று பெயர் மாறியிருந்த வெப்டிவி 2013 செப்டம்பர் 30 அன்றே மூடப்பட்டிருந்தது. ஐ-மோட் 2019இல் புதிய சந்தாதாரர் சேர்க்கையை முடித்துக்கொண்டது. சேவையின் கடைசி நாளாக 2026 மார்ச் 31 அறிவிக்கப்பட்டது. குரித்தாவின் 176 சின்னங்களை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2016இல் தன் தொகுப்பில் சேர்த்துக்கொண்டது. ஆனால் அச்சின்னங்கள் பயணம் செய்த பக்கங்களையும் நுழைவாயில் மென்பொருளையும் அதே அக்கறையோடு எவரும் திரட்டவில்லை. வேலையின் பெரும்பகுதியை நடுவிலிருந்த கணினி செய்ததால், அது நின்றபின் கருவி மட்டும் எஞ்சிப் பயனில்லை. பழைய வெப்டிவி பெட்டியை இயக்கினால் அது இல்லாத ஒரு சர்வரைத்தான் தேடும். ஆர்வலர்கள் சிலர் அப்பெட்டி கேட்கும் கேள்விகளைப் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் உரிய விடையை ஊகித்து, அந்த சர்வரை வீட்டுக் கணினியில் மறுபடி எழுதி வருகிறார்கள். தொலைபேசிக் கம்பியை நம்பிய கருவிக்கு அது இயலும். டோகோமோவின் பழைய கைப்பேசிக்கு அந்நிறுவனத்தின் அலைவரிசையும் வேண்டும் என்பதால், அதன் பக்கங்களை மீட்க, நுழைவாயிலை நடத்தியவர்களே தம் ஆவணங்களையும் மென்பொருளையும் காப்பகங்களிடம் கொடுத்தாக வேண்டும்.